பின்லயத்துக்குப் போகாத அழைப்பு

கொழும்பிலிருந்து கம்ப்யூட்டர்காரர் வந்த அன்று எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். தோட்டத்து மேனேஜரான தொரை தன் செலவில் பட்டீஸும் தேத்தண்ணீரும் வரவழைத்தார். நாலு தோட்டத்து ஆபீசுகளின் கம்ப்யூட்டர்களையும் ஒன்றோடொன்று இணைத்து, எல்லோருடைய ஈமெயில் கான்டாக்ட்ஸையும் கலண்டரையும் பொதுவாக்கப் போகிறார்கள் என்று ஒரு மாதமாகப் பேச்சு. அன்றைக்குத்தான் அது நடந்தது.

யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவைத் தாண்டி மலைப்பக்கம் ஏறும் பாதையில் இருக்கிறது எங்கள் தோட்டம். கீழே ரப்பர், மேலே கொஞ்சம் தேயிலை. என் அம்மாவும் அப்பாவும் அங்கே ரப்பர் பால் வெட்டியவர்கள். நான் படித்து அதே தோட்டத்து ஆபீசில் கிளார்க் ஆனேன். ஆபீசில் நான் ஒருத்திதான் தமிழ். பெரிய கிளார்க் சிங்களவர், ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். என்னை ‘நங்கி’ என்றுதான் கூப்பிடுவார். தங்கச்சி என்பதைச் சிங்களத்தில் அப்படித்தான் சொல்வார்கள். இன்னொருத்தி புதிதாக வேலைக்கு வந்த சிங்களப் பிள்ளை. மூன்று பேரும் சிங்களத்தில்தான் பேசிக்கொள்வோம். எனக்கு அது இன்னொரு தாய்மொழி மாதிரி. இந்தப் பக்கத்தில் எங்கள் ஆட்கள் கொஞ்சம் பேர்தானே, சிங்களம் வராவிட்டால் கடையில் உப்புக்கூட வாங்க முடியாது.

வந்த கம்ப்யூட்டர்காரர் இளைஞர். நல்ல மனுஷன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். எல்லோரையும் நிற்கவைத்து விளக்கினார்.

“இனி யாருடைய கம்ப்யூட்டரிலிருந்தும் யாருடைய நம்பரையும் எடுக்கலாம். யார் எங்கே இருக்கிறார், யார் லீவு, எல்லாம் கலண்டரில் தெரியும். ஒருத்தர் இல்லாவிட்டாலும் வேலை நிற்காது.”

என் கம்ப்யூட்டரில் இருந்த கான்டாக்ட்ஸ் மற்றவர்களுடையதைப் போல இல்லை. அவர்களிடம் இருந்தது உரக் கம்பனி, லொறிக்காரர், புரோக்கர் ஆபீஸ். என்னிடம் இருந்தது லயங்கள், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். அரநாயக்கவில் மலை சரிந்து ஆட்களை மூடிய பிறகு இந்தப் பக்கத்தில் மழை பெய்தால் யாருக்கும் நிம்மதி இல்லை. அப்போது தொரைதான் என்னைக் கூப்பிட்டு, மண்சரிவு எச்சரிக்கை வந்தால் உடனே சொல்வதற்கு லயத்து ஆட்களின் நம்பர்களை எடுத்து வைக்கச் சொன்னார். பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும் நேரத்திலும், ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்த பிறகும், திருவிழாவுக்குக் கூடிய இடத்திலும் கேட்டுக் கேட்டுச் சேர்த்தேன். ஒரே வீட்டில் இரண்டு மூன்று நம்பர், ஏனென்றால் ஒன்றில் சார்ஜ் இருக்காது, ஒன்றில் காசு இருக்காது.

எல்லாவற்றையும் தமிழில் அடித்திருந்தேன். ‘மேல்பீலி அக்கா.’ ‘சவுதி போய்வந்த அண்ணி.’ ‘பிள்ளை மடுவத்து ஆயா.’ லயத்தில் ஒரே பேரில் நாலு பேர் இருப்பார்கள், பதிவுப் புத்தகத்துப் பேரைச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது. அவசரத்தில் கண்ணை ஓடவிட்டால் ஆள் முகம் நினைவுக்கு வர வேண்டும். அப்படித்தான் எழுதியிருந்தேன்.

கம்ப்யூட்டர்காரர் என் மேசைக்கு வந்தபோது சொன்னேன். “மாத்தையா, என்னுடையது தமிழில் இருக்கு. மத்த ஆபீஸ் ஆட்களுக்கு வாசிக்கத் தெரியாது. ஒரு கிழமை தந்தீங்கன்னா இங்கிலீஷிலும் சேர்த்து அடிச்சுத் தர்றேன்.”

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “தேவையில்லை மிஸ். மெஷின் எல்லா பாஷையும் எடுக்கும்.”

பிறகு என் போனைக் கேட்டார். ஆபீஸ் ஈமெயில் என் போனிலும் இருந்தது, அதனால் அந்த நம்பர்களும் என் கையோடு இருந்தன. அதை எடுத்துவிட வேண்டும் என்றார். தொழிலாளர்களின் விவரம் சொந்தப் போனில் இருப்பது பாதுகாப்பு இல்லையாம், தலைமை ஆபீஸ் உத்தரவாம். என் கண் முன்னாலேயே அழித்தார். நான் கொடுத்தேன். உத்தரவு என்றால் என்ன செய்வது.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் பொதுக் கான்டாக்ட்ஸில் மற்றவர்களுடைய உரக் கம்பனியும் லொறிக்காரரும் அழகாக அகர வரிசையில் நின்றார்கள். என் ஆட்கள் எல்லோரும் அடியில் கேள்விக்குறிகளாகக் கிடந்தார்கள். பேருக்குப் பதில் ஒரே வரிசையாகக் கேள்விக்குறி. ஒருவருக்கு நீளமான வரிசை, இன்னொருவருக்குக் குட்டையான வரிசை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அதோடு முடியவில்லை. எண்ணிப் பார்த்தால் ஆட்களே குறைவாக இருந்தார்கள். பெரிய கிளார்க்கின் மேசைப் போனிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர்காரருக்கு அழைத்துக் கேட்டேன். ஒரே பேர் இரண்டு தரம் வந்தால் ஒன்றாக்கும் வேலையையும் சேர்த்துச் செய்தாராம், இடம் மிச்சமாகும் என்று. ஒரே அளவு கேள்விக்குறி உள்ளவர்களை மெஷின் ஒரே ஆள் என்று நினைத்துவிட்டது. மேல்பீலி அக்காவும் கலவானையிலிருந்து தேயிலைக் கன்று கொண்டுவரும் அண்ணனும் ஒரே ஆள். ஒரு ஆளின் வரியில் இடம் கொள்ளாத நம்பர்களை அது தூக்கி எறிந்துவிட்டது. என் கம்ப்யூட்டரில் இருந்த பழையதோ, பொதுவுக்கு மாற்றியதும் அழிந்துவிட்டது.

“சரி பண்ணலாம் மிஸ். ஒரு ஈமெயில் போடுங்க, வரிசைப்படி பார்ப்போம்” என்றார்.

ஈமெயில் போட்டேன். உங்கள் முறைப்பாடு கிடைத்தது என்று பதில் வந்தது. பிறகு எதுவும் வரவில்லை. மறுபடி போட்டேன். மறுபடியும் அதே பதில், அச்சு மாறாமல்.

பெரிய கிளார்க்கிடம் சொன்னேன், “மழைக்கு முதல் நான் லயம் லயமாகப் போய் திரும்பவும் எழுதிட்டு வர்றேன். காலையில ரெண்டு மணித்தியாலம் விட்டால் போதும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆபீஸ் நேரத்தில் லயத்தில் சுத்துவது தொரைக்குப் பிடிக்காது நங்கி. நீயும் இங்கிலீஷில் போட்டிருக்கலாம்தானே.”

“கேட்டேனே. வேண்டாம் என்றார்களே.”

“அது சரி” என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. யாரையும் பகைக்காமல் ஓய்வூதியத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தவர். அப்படிப்பட்டவர்களால் வரும் கெடுதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கலண்டர் மட்டும் ஒழுங்காக வேலை செய்தது. நாலு ஆபீசிலும் உள்ள கிளார்க்குகள் எல்லோருடைய லீவும் அதற்கான காரணமும் எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கு முன்பின் தெரியாத ஒரு கிளார்க், வேறு தோட்டத்திலிருந்து போன் எடுத்து, அம்மாவுக்கு நீரிழிவா, பாகற்காய் கொடுங்க என்று வைத்தியம் சொன்னார். தொரையின் கலண்டரில் மட்டும் நாள் முழுக்க ‘வேலையில்’ என்று ஒரு சொல். அவர் எங்கே, என்ன வேலையில் என்று யாராலும் பார்க்க முடியாது. பகிர்வது என்பது கீழே இருப்பவர்கள் மேலே கொடுப்பது என்று அப்போதுதான் விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து நானே நடந்தேன். ஃபக்டரிப் பக்கத்து லயங்களை முடித்தேன். ஆத்தோர லயத்தை முடித்தேன். மேல்மலைக்கு முன்லயம், பின்லயம் என்று இரண்டு. அடுத்த ஞாயிறு அங்கே போவதாக இருந்தேன். அதற்கு முன் மழை வந்துவிட்டது.

அன்றைக்கு நான் லீவு. அம்மாவை ஆஸ்பத்திரி கிளினிக்குக் கூட்டிப் போயிருந்தேன். விடியற்காலையிலிருந்தே மழை. மழைநாளில் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது, அதனால் ஆட்கள் எல்லோரும் லயத்தில்தான் இருப்பார்கள். வாங்கில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நம்பர் கூப்பிடக் காத்திருந்தபோது என் போன் அடித்தது. ஆபீஸ் பிள்ளை.

“அக்கே, கேகாலை மாவட்ட ஆபீசிலிருந்து போன் வந்தது. மேல்மலை லயத்து ஆட்களை உடனே ஸ்கூலுக்கு எடுக்கச் சொன்னாங்க. யாருக்கு அடிக்கிறது என்று தெரியவில்லை.”

“எப்ப வந்தது?”

“இப்ப இல்ல, கொஞ்சம் முன்னாடி. அக்கே லீவு என்று கலண்டரில் இருந்தது. தொந்தரவு பண்ண வேண்டாம் என்று நானே பார்த்தேன். அந்தக் கேள்விக்குறிகளுக்கு ஒவ்வொன்றாக அடித்தேன். ஒருத்தர் கலவானையில் இருக்கிறாராம். ஒருத்தர் ரிட்டயர் ஆன டீச்சர். எடுத்தவர்களில் மேல்மலை ஆட்கள் ஒருத்தரும் இல்லை.”

“பெரிய கிளார்க்?”

“பேங்குக்குப் போயிருக்கிறார். வழியில் தண்ணீர், வர முடியாதாம். தொரையுடைய போன் வேலை செய்யல.”

அந்தப் பிள்ளைமேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. ஆபீசில் இருந்தவர்களில் அவள் ஒருத்திதான் அன்று ஏதாவது செய்தாள்.

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த மேல்மலை நம்பர் ஒன்றே ஒன்று. முன்லயத்தில் இருக்கும் என் அண்ணியுடையது. அடித்தேன். முதல் தரமே எடுத்தார்.

“அண்ணி, மண்சரிவு எச்சரிக்கை. முன்லயம் பின்லயம் ரெண்டையும் இப்பவே ஸ்கூலுக்குக் கிளப்புங்க. சாமானெல்லாம் எடுக்க வேணாம். ஆளுக மட்டும் போகச் சொல்லுங்க.”

“அய்யோ, கெழவி ஒண்ணு படுத்துக் கெடக்கே.”

“தூக்கிட்டுப் போங்க. பின்லயத்துக்கு யாரையாவது ஓடச் சொல்லுங்க அண்ணி, பின்லயந்தான் மலையடியில இருக்கு.”

“சரி, சரி” என்று அவர் வைத்துவிட்டார்.

அண்ணி செய்ததை நான் பிறகு பலர் சொல்லக் கேட்டேன். கதவு கதவாகத் தட்டி முன்லயத்தைக் கிளப்பினார். படுத்திருந்த கிழவியை இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கினார்கள். பிறகு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பின்லயத்துக்கு ஏறினார். தகரக் கூரையில் மழை அடிக்கிற சத்தத்தில் கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும். லயத்தில் ஒரு காம்பரா என்றால் ஒரு குடும்பம். முதல் காம்பராக்களில் இருந்தவர்கள் வெளியே வந்தார்கள். கடைசிக் காம்பராவுக்கு அவர் போய்ச் சேருவதற்கு முன் பின்னாலிருந்த மண்சுவர் சரிந்து வந்துவிட்டது. முழு மலையும் இல்லை, ஒரு துண்டு. அந்த ஒரு துண்டு கடைசி இரண்டு காம்பராக்களையும் மடக்கிவிட்டது. ஒன்றில் யாரும் இல்லை.

மற்றதில் இருந்தவள் என் சிநேகிதி. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தோம், மாதா கோயிலில் ஒன்றாகப் புதுநன்மை வாங்கினோம். அவள் படிப்பை விட்டுப் பால் வெட்டப் போனாள், நான் படித்தேன். அவளைப்போல வேகமாகச் சரிவில் ஏறுகிறவள் அந்த டிவிசனில் இல்லை. புருஷன் கொழும்பில் கடையில் வேலை. அன்று அவளும் மகளும் மட்டும். சத்தம் கேட்டதும் மகளைக் கதவுக்கு வெளியே தள்ளியிருக்கிறாள். பிள்ளைக்குச் சிராய்ப்புத்தான். இவளுடைய வலது காலின்மேல் சுவர் விழுந்தது. அண்ணியும் இன்னும் நாலைந்து பேரும் கையாலேயே மண்ணைத் தோண்டி எடுத்தார்கள்.

நான் கிளினிக்கில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். மருந்துக்காக இன்னொரு வரிசை. அவளை அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். வாசலில் லொறியிலிருந்து இறக்கியபோது நான் பார்த்தேன். மண்ணால் மூடின அந்த முகம் யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணி பக்கத்தில் நின்றதைப் பார்த்துத்தான் தெரிந்தது.

ஆபரேஷன் முடிந்து வார்டில் பார்க்க விட்டார்கள். காலை எடுக்கவில்லை, உள்ளே கம்பி வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“போன் என் தலமாட்டுலதான் இருந்திச்சு” என்றாள். “ராத்திரியே சார்ஜு போட்டு வச்சிருந்தேன். மழைன்னா நீ அடிப்பன்னு தெரியும். போன தடவ அடிச்சியே.”

“ஆமா.”

“முன்லயத்துக்கு அடிச்சிருக்க. எனக்கு ஏன் அடிக்கல?”

நான் சொல்லிப் பார்த்தேன். கம்ப்யூட்டர்களை இணைத்தார்கள், பேர்கள் போய்விட்டன, போனிலிருந்தும் அழித்துவிட்டார்கள் என்றேன். நான் பேசப் பேச என் காதுக்கே அது சாக்காகக் கேட்டது. அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“உங்கண்ணி நம்பரு மட்டும் போகலியா?”

“அது எனக்கு மனப்பாடம்.”

அவள் தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். “அப்ப சரி” என்றாள்.

அன்று எனக்கு வந்த கோபம் மாதிரி என் வாழ்க்கையில் வந்ததில்லை. அப்பா செத்தபோது தோட்டத்து லொறி தர மறுத்தார்களே, அப்போதுகூட இல்லை. அவளுடைய நம்பரை வாங்கி எழுதியவள் நான். மழைக்கு அடித்துக் கூப்பிட்டு, ஏதும் நடக்காமல் மறுநாள் அவள் திட்டினதைக் கேட்டுச் சிரித்தவளும் நான். முகமே தெரியாத ஒருவர் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டுப் போனார். இப்போது என் சிநேகிதியின் கண்ணில் அவளை மறந்தவள் நான்தான்.

பத்து நாள் போனதோ இல்லையோ, தொரையிடமிருந்து எல்லோருக்கும் ஒரு ஈமெயில். தலைமை ஆபீசுக்கு அனுப்பப் போகும் அறிக்கை. ஆபீஸ் ஆட்கள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இங்கிலீஷில் நல்ல வார்த்தைகளாகப் பொறுக்கி எழுதியிருந்தார். நடுவில் ஒரு வரி: எச்சரிக்கை கிடைத்தவுடன் பொதுக் கான்டாக்ட்ஸ் மூலம் எல்லாக் குடும்பங்களுக்கும் அறிவிக்கப்பட்டது, ஒரு சிலர் வெளியேறத் தாமதித்தனர்.

ஒரு சிலர் என்று அவர் எழுதியது ஒருத்தியை. பெட்டில் கிடந்தவளை.

பெரிய கிளார்க் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். என் மேசைக்கு அந்தத் தாளைக் கொண்டுவந்து வைத்தார்.

“ஒரு வரிதானே நங்கி. அவளுக்கு ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் கம்பனி தரும். இதில் என்ன நஷ்டம்?”

“நீங்க அன்றைக்கு பேங்கில இருந்தீங்க. எல்லாருக்கும் அறிவிச்சாங்க என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?”

சிங்களப் பிள்ளை தன் மேசையில் குனிந்துகொண்டிருந்தாள். அவளும் போடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. புதுசு, வேலை நிரந்தரமாகாதவள். அவளுடைய அந்தத் துணிச்சலை நான் பெரிதாக நினைக்கிறேன்.

தொரை அறைக்குள் கூப்பிட்டார். கதிரையில் உட்காரச் சொன்னார். அப்படிச் சொன்னது அதுதான் முதல் தரம்.

“நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க” என்றார் சிங்களத்தில், மிக மெதுவாக. “உங்க ஆட்கள், எனக்கு விளங்குது. ஆனால் இது சிஸ்டத்தைப் பற்றிய அறிக்கை. சிஸ்டம் இருந்தது. இல்லையா?”

“இருந்தது சார். அதில் ஆட்கள் இல்லை.”

“சின்னத் தொழில்நுட்பப் பிரச்சினை.”

“நான் ரெண்டு தரம் ஈமெயில் போட்டேன். உங்களுக்கும் கொப்பி போட்டேன்.”

“எனக்கு ஒரு நாளைக்கு எத்தனை ஈமெயில் வருது தெரியுமா?”

எழுந்து வந்துவிட்டேன். கதவை மெதுவாகத்தான் சாத்தினேன். வெளியே வந்து கழிவறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, அழுதேன். கோபத்தில் அழுவது எனக்குப் பிடிக்காது, அதைப் பார்ப்பவர்கள் துக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இரண்டு கையெழுத்து குறைந்ததால் கொழும்பிலிருந்து ஒரு அதிகாரி விசாரிக்க வந்தார். கூடவே அந்தக் கம்ப்யூட்டர்காரரும் வந்தார். அதிகாரி வயதானவர், ஒழுங்காகக் கேட்கிறவர். நான் பேசிக்கொண்டிருக்கவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து பொதுக் கான்டாக்ட்ஸின் அடிப்பகுதிக்கு இறக்கிக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். ஒரு வரியில் விரல் வைத்தார்.

“இது யார்?”

“தெரியாது சார்.”

“இது?”

“தெரியாது. உங்களுக்கும் தெரியாது, தொரைக்கும் தெரியாது. எல்லோருக்கும் அறிவித்தோம் என்று எழுதியிருக்கிறது. யாருக்கு என்று அவரைக் கேளுங்கள்.”

தொரை ஜன்னலைப் பார்த்தார். அதிகாரி கம்ப்யூட்டர்காரரைத் திரும்பிப் பார்த்து, பழையது எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டார்.

அவர் தன் மடிக்கணினியைத் திறந்தார். எதையோ தேடினார். நான் ஒரு வாய் தேத்தண்ணீர் குடித்திருக்க மாட்டேன், அதற்குள் திரையில் என் ஆட்கள் வந்துவிட்டார்கள். தமிழில், நான் அடித்த மாதிரியே, ஒருவர்கூடக் குறையாமல். மாற்றுவதற்கு முன் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தாராம், வழக்கமாக எடுப்பதாம். இத்தனை நாளும் அது அவர் பையில் கொழும்பில் பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. என் இரண்டு ஈமெயிலில் ஒன்றைத் திறந்து பார்த்திருந்தால், ஒரு வாய்த் தேத்தண்ணீர் நேரம்.

என் சிநேகிதியின் வரி நடுவில் இருந்தது. ‘பின்லயம் கடைசிக் காம்பரா.’ கீழே இரண்டு நம்பர், அவளுடையதும் புருஷனுடையதும்.

“இது அவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியாது மிஸ்” என்றார் அவர். “எனக்கு இந்த எழுத்து வாசிக்க வராது. சரியாக இருக்கா, இல்லையா என்று பார்க்கத் தெரியவில்லை.”

“வாசிக்கத் தெரிந்தவள் பக்கத்தில்தானே நின்றேன்” என்றேன். “கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.”

அவர் மன்னிப்புக் கேட்டார். எல்லோர் முன்னாலும் கேட்டார், அதையும் சொல்ல வேண்டும். பரவாயில்லை என்று சொல்வதற்கு அந்தக் கால் என்னுடையது இல்லை.

அறிக்கையிலிருந்து அந்த வரி போய்விட்டது. அதற்குப் பதில் ‘தகவல் தொடர்பில் சில சிரமங்கள் ஏற்பட்டன’ என்று போட்டார்கள். யாரால் என்று இல்லை, யாருக்கு என்றும் இல்லை. மழைமேல் பழி போட்ட மாதிரி இருந்தது. அதற்குமேல் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. யூனியன்காரர் ஒருவர் வந்து, இதை வைத்துப் பெரிய கூட்டம் போடலாம், நீ மேடையில் பேசு என்றார். அவளைப் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றார். முதலில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். அவர் போனதாக எனக்குத் தெரியாது.

பின்லயத்துக் குடும்பங்கள் இன்னும், வேலைக்குப் போகிறவர்கள் கைப்பிள்ளைகளை விட்டுப்போன பழைய பிள்ளை மடுவத்தில்தான் இருக்கின்றன. நடுவில் சீலையைக் கட்டித் தடுத்துக்கொண்டு சமைக்கிறார்கள். புது வீடு வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அவளுக்கு ஃபக்டரியில், காய்ந்த ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அழுக்கை வெட்டி எடுக்கும் வேலை கொடுத்தார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை. முட்டி மடங்காது, காலை நீட்டித்தான் உட்காருவாள். அந்தப் பக்கம் போனால் பேசுகிறாள். மகளின் படிப்பைப் பற்றி, விலைவாசியைப் பற்றி. பழைய பேச்சு இல்லை. வாடி, போடி என்று கூப்பிட்டவள் இப்போது மற்றவர்களைப் போல ‘மிஸ்’ என்கிறாள். கிண்டலுக்குச் சொல்கிறாளா என்று முதலில் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை.

போன மாதம் தலைமை ஆபீஸ் உத்தரவு வந்தது, பொதுக் கான்டாக்ட்ஸை எல்லோரும் புதுப்பிக்க வேண்டும் என்று. மூன்று பாஷையிலும் நானே அடித்தேன், வேலை நேரத்திலேயே அடித்தேன், யாரும் வாய் திறக்கவில்லை. பெரிய கிளார்க் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய வரிக்கு வந்ததும், பழைய நம்பர் வேலை செய்யவில்லையே என்றார்.

எனக்குத் தெரியும். அந்தப் போன் மண்ணோடு போய்விட்டது. அவள் புதுநம்பர் எடுத்து, அதை என் அண்ணிக்கு மட்டும் கொடுத்திருக்கிறாள். ஆபீசுக்குக் கொடுக்க வேணாம் என்றும் சொல்லியிருக்கிறாளாம்.

“கேட்டு எழுதிவிடு நங்கி” என்றார் அவர். “உன் சிநேகிதிதானே.”

“நான் கேட்க மாட்டேன்” என்றேன். “வேணும்னா நீங்க ஃபக்டரிக்குப் போய்க் கேளுங்க. ஏன் கேட்கிறீங்க என்று அவள் கேட்பாள். அதுக்குப் பதிலையும் நீங்களே சொல்லுங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமலே திரும்பப் போட்டுக்கொண்டு தன் மேசைக்குப் போனார். நான் அடுத்த வரியை அடிக்கத் தொடங்கினேன்.